ஐஇஎல்டிஎஸ் ரீடிங் தேர்வு நாளுக்குத் தயாராவது எப்படி: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுதான் ஐஇஎல்டிஎஸ். அதை நான் முதல் தடவை எழுதியபோது லிசனிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5 வந்தது. ரீடிங்கும் 6.5-தான். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5 போதும், ஆனால் ரீடிங்கில் 7 வேண்டும். அந்த அரை பேண்டுக்காக (இந்தத் தேர்வின் மதிப்பெண் அளவுக்குப் பேண்ட் என்று பெயர்) முழுக் கட்டணத்தையும் இன்னொரு தடவை கட்டி, ஆஸ்பத்திரியில் திரும்பவும் லீவு கேட்டு, நாலு மாதம் தள்ளிப்போனது.

ஆங்கிலம் தெரியாமல் அந்த அரை பேண்ட் போகவில்லை. காலையில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன். முதல் பத்தியிலேயே (படித்துப் பதில் சொல்லத் தரும் நீண்ட கட்டுரை, பேசேஜ்) 26 நிமிடத்தைத் தின்றுவிட்டேன். கடைசிப் பத்தியில் ஆறு கேள்விகளைப் படிக்கக்கூட நேரமில்லை. இரண்டாவது தடவை அதே ஆங்கிலத்தோடு போய், தேர்வு நாளை மட்டும் ஒழுங்காகத் திட்டமிட்டு, 7.5 வாங்கினேன். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருடாவருடம் எத்தனையோ பிள்ளைகள் இந்தத் தேர்வுக்குப் போகிறார்கள். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தத் தேர்வு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் ட்ரெய்னிங் என்று இரண்டு வகை உண்டு. லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். ரீடிங்கும் ரைட்டிங்கும் வேறு. நர்ஸ் பதிவுக்கும் பெரும்பாலான பல்கலைக்கழகப் படிப்புக்கும் அகாடமிக் வேண்டும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் குடியேறப் போகிறவர்களுக்கு ஜெனரல் ட்ரெய்னிங். இது போக, இங்கிலாந்து விசாவுக்கென்று 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ' என்று தனிப் பதிவு இருக்கிறது. அதற்குக் கட்டணமும் கூடுதல். உங்களிடம் அதைக் கேட்கிறார்களா என்று காலேஜ் அல்லது நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் நீங்களே படித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா எதை எழுதினார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நர்ஸ்களுக்கு ஓஇடி என்ற இன்னொரு தேர்வும் செல்லும். அதன் ரீடிங்கும் 60 நிமிடம்தான், ஆனால் 42 கேள்வி. அதில் முதல் பகுதி மட்டும் தனியாக 15 நிமிடம், 20 கேள்வி. அந்த நேரம் முடிந்தால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. பாடம் முழுக்க மருத்துவம் சம்பந்தப்பட்டது என்பதால் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு அது பழகிய இடமாக இருக்கும். கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட நன்றாகவே அதிகம். இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தேர்வு போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் எழுதியது கம்ப்யூட்டரில் நடக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

2. பாஸ்போர்ட்டும் பெயரும்

தேர்வு அறைக்குள் போக அசல் பாஸ்போர்ட் வேண்டும். ஆதார் செல்லாது, ஜெராக்ஸ் செல்லாது, போனில் இருக்கும் படமும் செல்லாது. பதிவு செய்யும்போது எந்த பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தீர்களோ அதே பாஸ்போர்ட், காலாவதியாகாமல், உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவுக்கும் தேர்வுக்கும் நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். அப்படிச் செய்ய நேர்ந்தால் புதிய எண்ணை உடனே தேர்வு நடத்துகிறவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். முடிந்தால் புதுப்பித்த பிறகே பதிவு செய்யுங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கலில் வேண்டுமென்றால் மேலே 2,000 ரூபாய். நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியில் சேவா மையம் இருக்கிறது. போலீஸ் வெரிஃபிகேஷன் உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து வரும். அந்த நாட்களில் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, சிலருக்கு சர்நேம் கட்டமே காலியாக. பதிவுப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். கிவன் நேம் எது, சர்நேம் எது என்பதையும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே நிரப்புங்கள். சர்நேம் காலியாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படி நிரப்புவது என்று அவர்களிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு ப்ரௌசிங் சென்டரில் பதிவு செய்துகொடுத்தார்கள். டிகிரி சான்றிதழைப் பார்த்து இனிஷியலோடு அடித்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து உறுதிக் கடிதத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பாஸ்போர்ட் ஸ்கேனை அனுப்பி, இரண்டு தடவை போன் செய்து சரி செய்தேன். சரியாகிவிட்டது, ஆனால் அந்த ஒரு வாரம் ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை. நீங்கள் உங்கள் கையாலேயே பதிவு செய்யுங்கள். இந்தியாவில் இந்தத் தேர்வை நடத்துவது ஐடிபி என்ற நிறுவனம். அவர்களுடைய தளத்தில் நேராகப் பதியலாம். இடையில் யாரும் தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை. 'பரீட்சை எழுதாமலே பேண்ட் வாங்கித் தருகிறோம்' என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி வரும். நம்ப வேண்டாம். ஒவ்வொரு மதிப்பெண் அறிக்கையையும் அதைப் பெறுகிற கவுன்சிலும் பல்கலைக்கழகமும் ஆன்லைனில் சரிபார்க்க முடியும். பணமும் போய், வெளிநாட்டு வாய்ப்பும் அடைபட்டுவிடும்.

3. தேதியும் பணமும்

தேர்வுக் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அவ்வப்போது இன்னும் ஏறுகிறது. பதிவுப் பக்கத்தில் அன்றைக்கு என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. தேதியை மாற்றினாலோ ரத்து செய்தாலோ பணம் பிடிப்பார்கள். கடைசி நேரமாகிவிட்டால் ஒன்றும் திரும்பி வராது. அந்த விதியைப் பணம் கட்டும் முன் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் உங்கள் டியூட்டி ரோஸ்டர். தேர்வுக்கு முந்தின மூன்று இரவாவது நைட் டியூட்டி இருக்கக் கூடாது. நைட் முடித்து ஒரு நாள் தூங்கினால் போதும் என்று நினைப்போம். அறுபது நிமிடம் ஒரே மூச்சில் படிக்க உட்காரும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது, போகிற ஊர். நான் திருவனந்தபுரத்தில் எழுதினேன். நம் மாவட்டத்திலிருந்து போகிற பலரும் அங்கேதான் போகிறார்கள். அப்படியானால் கேரளத்துக் காலண்டரையும் பாருங்கள். ஆற்றுகால் கோயில் பொங்கல் விழா பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அன்று நகரத்துச் சாலை முழுக்க அடுப்புகள்தான். வண்டி நகராது, லாட்ஜில் அறையும் கிடைக்காது. ஓண வாரத்தில் ரயிலும் பஸ்ஸும் பிதுங்கும். ஹர்த்தால் அறிவித்தால் பஸ்கள் களியக்காவிளையோடு நின்றுவிடுவது நமக்குத் தெரிந்ததுதான். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால், முந்தின இரண்டு நாளும் செய்தியைக் கவனியுங்கள்.

மூன்றாவது, மதிப்பெண்ணின் ஆயுள். அறிக்கை 2 வருடம்தான் செல்லும். மற்ற ஆவணங்கள் எதுவும் தயாராகாத நிலையில் மிக முன்னதாக எழுதிவைத்தால், விண்ணப்பிக்கும்போது காலாவதியாகி இருக்கும். கம்ப்யூட்டர் தேர்வில் ரிசல்ட் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. அதனால் அவசரப்பட்டு முதலில் கிடைக்கும் தேதியைப் பிடிக்க வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு பதியுங்கள்.

4. கம்ப்யூட்டர் திரையில் படிக்கப் பழகுங்கள்

முதல் தடவைக்கு நான் போனிலும், ஜெராக்ஸ் எடுத்த புத்தகத்திலும் பயிற்சி செய்தேன். பெரிய தவறு. தேர்வில் திரையின் இடது பக்கம் பத்தி, வலது பக்கம் கேள்விகள். இரண்டையும் தனித்தனியாக உருட்டிப் படிக்க வேண்டும். மூன்று பத்தியும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை வரும். காகிதத்தில் விரல் வைத்துப் படித்துப் பழகிய கண், திரையில் வரியைத் தவறவிடும்.

ஐஇஎல்டிஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ தளத்தில் கம்ப்யூட்டர் மாதிரித் தேர்வு இலவசமாகவே இருக்கிறது. நிஜத் தேர்வின் திரை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால், வாரத்துக்கு இரண்டு நாள் ப்ரௌசிங் சென்டரில் ஒரு மணி நேர வாடகைக்கு உட்காருங்கள். லேப்டாப்பின் தடவு பலகையில் பழக வேண்டாம். தேர்வில் மவுஸ்தான்.

அந்த மாதிரித் தேர்வில் இந்த நான்கையும் கை பழகும்வரை செய்து பாருங்கள். பத்தியில் சொற்களை மவுஸால் தேர்ந்தெடுத்து மஞ்சள் நிறம் பூசுவது. கீழே இருக்கும் எண் வரிசையை அழுத்தி வேறு கேள்விக்குத் தாவுவது. சந்தேகமான கேள்வியில் திரும்பப் பார்க்கும் அடையாளம் போடுவது. எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது. பத்தியில் சொல்லைத் தேடித் தரும் வசதி கிடையாது. கண்ணால்தான் தேட வேண்டும்.

படிப்பதற்கு என்ன என்று பலர் கேட்கிறார்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் ஆங்கில நாளிதழ்களும் வார இதழ்களும் கிடைக்கும். அறிவியல், வரலாறு, சுற்றுச்சூழல் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று ஒரு நாளைக்குப் போதும். படித்து முடித்ததும் ஒவ்வொரு பாராவையும் ஒரே வரியில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பாராவுக்கும் தலைப்பு பொருத்தும் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

5. நாற்பது கேள்வி, அறுபது நிமிடம்: கணக்கு இதுதான்

இந்தப் பகுதியைத்தான் முதல் தடவைக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று பத்தி, 40 கேள்வி, 60 நிமிடம். பதிலை மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது. அகாடமிக்கில் 40-க்கு 30 வந்தால் ஏறத்தாழ 7 பேண்ட். 23 வந்தால் 6, 35 வந்தால் 8. (ஜெனரல் ட்ரெய்னிங்கில் பத்திகள் எளிது, அதனால் 7-க்கு 34 வேண்டும்.)

அதாவது உங்களுக்கு 7 போதுமென்றால் பத்துக் கேள்விகளை விட்டுவிடலாம். இதை மனசில் நன்றாகப் பதிய வையுங்கள். நான் முதல் தடவை ஒரு கேள்வியைக்கூட விட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரே ஒரு தலைப்புக் கேள்வியில் நாலு நிமிடம் நின்றேன். அந்த நாலு நிமிடத்தில் கடைசிப் பத்தியில் எளிதான மூன்று கேள்விகளை முடித்திருக்கலாம்.

பத்திகள் போகப் போகக் கடினமாகும். ஆகவே 20, 20, 20 என்று சமமாகப் பிரிப்பதும் எனக்குச் சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை 16, 19, 22 என்று வைத்துக்கொண்டேன். மீதி மூன்று நிமிடம் அடையாளம் போட்ட கேள்விகளுக்கு. திரையின் மேலே மீதமுள்ள நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் 44 காட்டும்போது முதல் பத்தியை விட வேண்டும். 25 காட்டும்போது இரண்டாவதை விட வேண்டும். இந்த இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முடியவில்லை என்றாலும் விட்டுவிட்டு நகர்ந்தேன்.

விடும்போது காலியாக விடாதீர்கள். ஏதாவது ஒரு பதிலைத் தட்டி, அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். திரும்ப வர நேரம் கிடைக்காமலே போகலாம்.

6. பொறிகள்

நாட் கிவன். ஒரு வாக்கியம் பத்தியின்படி சரியா (ட்ரூ), தவறா (ஃபால்ஸ்), பத்தியில் சொல்லப்படவே இல்லையா (நாட் கிவன்) என்று கேட்கும் கேள்வியில் நம் சொந்த அறிவுதான் எதிரி. ஒரு உதாரணம். பத்தியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே வேலையைத் தொடங்குகிறார்கள். வெயில் ஏற ஏற மரத்திலிருந்து பால் வடிவது குறைகிறது.'

கேள்வி ஒன்று: 'பால்வெட்டு வேலை இருட்டோடு தொடங்குகிறது.' இது ட்ரூ. கேள்வி இரண்டு: 'பகல் வெயிலில் பால் அதிகமாக வடியும்.' பத்தி இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது, ஃபால்ஸ். கேள்வி மூன்று: 'மழை பெய்யும் நாளில் பால் வெட்டுவது சிரமம்.' குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் யோசிக்காமல் ட்ரூ என்று தட்டுவார்கள், ஏனென்றால் வீட்டில் தினமும் பார்க்கிற உண்மை அது. ஆனால் பத்தியில் மழை பற்றி ஒரு சொல்கூட இல்லை. விடை நாட் கிவன். நர்ஸ்களுக்கு உடல்நலம் பற்றிய பத்தி வந்தால் இதே ஆபத்து இன்னும் அதிகம். 'இந்த வரியைப் பத்தியில் எங்கே விரல் வைத்துக் காட்டுவேன்' என்று உங்களையே கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் நாட் கிவன்.

ஃபால்ஸ் என்று சொல்லப் பத்தி எதிர்த்துப் பேச வேண்டும். பேசாமல் இருந்தால் போதாது. எல்லாம், எப்போதும், மட்டும், பெரும்பாலும் என்ற பொருள் தரும் சிறு சொற்களைக் கேள்வியில் கவனியுங்கள். பத்தி 'பெரும்பாலும்' என்று சொல்ல, கேள்வி 'எப்போதும்' என்று கேட்கும்.

சொல் எண்ணிக்கை. 'இரண்டு சொல்லுக்கு மிகாமல்' என்று இருந்தால் மூன்று சொல் எழுதியதும் பதில் தவறு. பொருள் சரியாக இருந்தாலும் தவறு. பத்தியில் 'ஹெவி காப்பர் ப்ளேட்ஸ்' என்று இருந்தால் 'காப்பர் ப்ளேட்ஸ்' போதும். இந்த அளவு ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும். ஒரு தொகுதியில் ஒரே சொல், அடுத்ததில் மூன்று சொல். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டளை வரியைப் படியுங்கள்.

எழுத்துப் பிழை. கோடிட்ட இடத்தில் நாம் தட்டும் சொல்லைத் திருத்தித் தர யாரும் இல்லை. ஒரு எழுத்து விட்டாலும் மதிப்பெண் போகும். பத்தியில் உள்ள சொல்லை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். பன்மைக்கான கடைசி எழுத்து விடுபடுவதுதான் அதிகம் நடக்கிறது. பிரிட்டிஷ் எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை இரண்டும் ஏற்கப்படும்.

தலைப்பு பொருத்துதல். கேள்விகள் பத்தியின் வரிசையில் வரும் வகைகள் உண்டு: ட்ரூ ஃபால்ஸ், வாக்கியத்தை நிரப்புதல் போன்றவை. அங்கே மூன்றாம் கேள்விக்கு விடை இரண்டாம் விடைக்குக் கீழே இருக்கும். தேடும் இடம் சுருங்கிவிடும். தலைப்பு பொருத்துவதிலும், 'இந்தத் தகவல் எந்தப் பாராவில்' என்ற கேள்வியிலும் அந்த வரிசை கிடையாது. 'எந்தப் பாராவில்' என்ற வகையை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். மற்ற கேள்விகளுக்காகப் பத்தியைப் படித்து முடிக்கும்போது பாதி விடை தானாகவே கண்ணில் பட்டிருக்கும்.

பத்தியில் உள்ள அதே சொல் விடையிலும் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். பல நேரம் அது தூண்டில். சரியான விடை வேறு சொற்களில், அதே பொருளோடு ஒளிந்திருக்கும்.

7. முந்தின நாளும் பயணமும்

காலைத் தேர்வு என்றால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். இதை நான் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். தூரம் குறைவு என்று தோன்றும். ஆனால் பஸ்ஸில் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை தாண்டி பாலராமபுரத்துக்குள் நுழைந்தால் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் தடவை நான் அங்கேதான் நின்றேன். அண்ணன் போனில் 'பயப்படாதே, போய்ச் சேர்ந்துவிடுவாய்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை.

தங்க வசதியில்லை, காலையில்தான் போக வேண்டும் என்றால் ரயில் நல்லது. அதிலும் நாகர்கோவிலிலோ கன்னியாகுமரியிலோ புறப்படும் ரயிலாகப் பாருங்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் ரயிலை நம்பினால் அது எங்கோ தாமதமாகி நிற்கும். இரணியல், குழித்துறைக்காரர்கள் உங்கள் ஸ்டேஷனில் அந்த ரயில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதைப் பணிக்காக ரத்தாகி இருக்கிறதா என்று முந்தின நாள் இரவு ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும் ரயிலைப் பிடித்தால் நிம்மதி.

தங்குகிறவர்களுக்கு ஸ்டேஷனுக்கு எதிரே தம்பானூர் பஸ் நிலையத்தைச் சுற்றி எல்லா விலையிலும் லாட்ஜ் கிடைக்கும். போய் இறங்கிய சாயங்காலமே தேர்வு மையத்தின் வாசல்வரை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த மாடி, ஆட்டோவுக்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்தால் இரவு தூக்கம் வரும். தனியாகப் போகிற பெண்பிள்ளைகள் கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது. உங்கள் போன், பை எல்லாவற்றையும் அவர் வெளியே வைத்துக்கொள்வார்.

அன்று இரவு புதிய மாதிரித் தேர்வு எதையும் எடுக்க வேண்டாம். பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு உறுதிக் கடிதத்தில் நேரமும் முகவரியும் ஒரு தடவை பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதைத் துடைத்து வையுங்கள். காலையில் வயிற்றுக்குப் பழகிய சாப்பாடு மட்டும். இட்லியோ ஆப்பமோ, அளவாக. புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் உட்கார முடியாது. சாயா குடித்தாலும் ஒன்றோடு நிறுத்துங்கள், காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

8. மையத்துக்குள்

வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள், விரல் ரேகையும் பதிவார்கள். தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. போன், வாட்ச், பர்ஸ், பேனா எதுவும் உள்ளே போகாது. சாதாரணக் கைக்கடிகாரம்கூடக் கூடாது. குறிப்பெடுக்கக் காகிதமும் பென்சிலும் அவர்களே தருவார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் லேபிள் உரித்த, உள்ளே தெரியும் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஏசி குளிர் தாங்காதவர்கள் கனமான முழுக்கைச் சட்டையோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான்: லிசனிங், ரீடிங், ரைட்டிங். இடையில் ஓய்வு கிடையாது. மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அதே நாற்காலி. கையைத் தூக்கிக் கழிப்பறைக்குப் போகலாம், ஆனால் கடிகாரம் உங்களுக்காக நிற்காது. ரீடிங்கில் மூன்று நிமிடம் வெளியே போய் வந்தால் இரண்டு கேள்வி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் உள்ளே நுழையும் முன்பே போய்விட்டு வாருங்கள்.

உட்கார்ந்ததும் திரையில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் சத்தம், மவுஸ், விசைப்பலகை மூன்றையும் சோதியுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் கூச்சப்படாமல் உடனே கையைத் தூக்குங்கள். நம் பிள்ளைகள் 'பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுகிறார்கள். தேர்வு முடிந்த பிறகு மவுஸ் வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

லிசனிங் முடிந்ததும் அதில் விட்ட கேள்விகளைப் பற்றி நினைக்கத் தோன்றும். ரீடிங் கட்டளைகள் திரையில் வரும் அந்தச் சில விநாடியில் கண்ணை மூடி, மூன்று தடவை மூச்சை இழுத்து விட்டேன். காகிதத்தில் பெரிதாக 44, 25 என்று எழுதி வைத்தேன். ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே காதில் வைத்திருந்தால் பக்கத்தில் தட்டும் சத்தம் குறையும். பத்து நிமிடம் இருக்கும்போதும் ஐந்து நிமிடம் இருக்கும்போதும் திரை எச்சரிக்கும். ஐந்து என்று வந்ததும் புதிய பத்தி எதையும் படிக்காமல், கீழே எண் வரிசையில் காலியாக இருப்பவற்றை நிரப்புங்கள்.

தேர்வு நாளில் காய்ச்சல் வந்துவிட்டது, வீட்டில் மரணம் நேர்ந்துவிட்டது என்றால் அன்றே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். மருத்துவச் சான்றிதழோ இறப்புச் சான்றோ கேட்பார்கள். நாள் கடந்துவிட்டால் ஏற்பது கஷ்டம்.

9. ரிசல்ட் வந்த பிறகு

ஆன்லைனில் மதிப்பெண் வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் முதலில் பாருங்கள். எழுத்து தவறியிருந்தால் அன்றே எழுதுங்கள். அறிக்கையில் உள்ள எண்ணைக் கொடுத்தால் கவுன்சில் நேராகச் சரிபார்த்துக்கொள்ளும்.

ரீடிங் மட்டும் அரை பேண்ட் குறைந்துவிட்டது என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்பது. மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பும். ஆனால் ரீடிங்கில் விடை சரி அல்லது தவறு, அவ்வளவுதான். மதிப்பீட்டாளரின் தீர்ப்பில் நிற்கும் ரைட்டிங், ஸ்பீக்கிங் போல இங்கே மாற வாய்ப்பு மிகக் குறைவு. ரீடிங்குக்காக மட்டும் அந்தப் பணத்தைக் கட்ட நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி, ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதுவது. கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் 60 நாளுக்குள், ஒரே ஒரு தடவை, நான்கில் ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம். முழுத் தேர்வைவிடச் செலவு குறைவு, மற்ற மூன்றின் மதிப்பெண்ணும் அப்படியே நிற்கும். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. ஆனால் எல்லா நிறுவனமும் இந்த அறிக்கையை ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கப் போகிற கவுன்சில் அல்லது பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று அவர்களுடைய பக்கத்தில் பார்த்துவிட்டு, சந்தேகமிருந்தால் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். பதில் வரச் சில நாட்கள் ஆகும், 60 நாளும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ரிசல்ட் வந்த அன்றே அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.